ரிலே நிஜமாகவே திறந்ததா? மைக்ரோகிரிட் இணைப்புப் பெட்டியில் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

கூரையில் சோலார் தகடுகள், சுவரோரம் லித்தியம் பேட்டரி, இரண்டையும் சேர்க்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர். மின்வாரிய சப்ளை இருக்கும்வரை அதோடு சேர்ந்து ஓடும். கரண்ட் போனால் வீட்டைத் தனியாக ஓட்டும். இதையே ஒரு கல்லூரி வளாகமோ மருத்துவமனையோ பெரிய அளவில் செய்யலாம். தேவைப்பட்டால் தனித்து ஓடத் தெரிந்த இந்த மாதிரிச் சிறு மின்வலையைத்தான் மைக்ரோகிரிட் என்கிறார்கள்.

அது பொது கிரிட்டோடு சேரும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். கேட்வே, பேக்கப் பாக்ஸ், மைக்ரோகிரிட் இணைப்புக் கருவி என்று கம்பெனிக்கு ஒரு பெயர். சில மாடல்களில் இன்வெர்ட்டருக்குள்ளேயே அடக்கம். சிலவற்றில் மீட்டருக்கும் விநியோகப் பலகைக்கும் நடுவே தனியாக நிற்கும். உள்ளே கம்யூனிகேஷன் போர்டு, சென்சார் என்று நிறைய இருந்தாலும் முக்கியமான உறுப்பு ஒரு ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), அல்லது பெரிய அமைப்பென்றால் அதன் பெரிய வடிவமான ஒரு கான்டாக்டர். அது மூடியிருந்தால் வீடு கிரிட்டோடு. திறந்தால் வீடு தனித்தீவு.

கன்ட்ரோல் போர்டு “திற” என்று ஆணை தருகிறது. ரிலே திறந்ததா என்பது அதற்கு எப்படித் தெரியும்? ரிலேயை இயக்கும் மின்காந்தச் சுருளான காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தியது மட்டும்தான் அதற்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். உள்ளே கரண்டைக் கடத்தும் உலோக முனைகளான கான்டாக்ட் விலகியதா என்பதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். எந்தச் சாட்சியை நம்பலாம் என்பது, நாம் எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. கிரிட் உயிரோடு இருக்கும்போது எளிதாகப் பதில் கிடைக்கும் கேள்வி, கிரிட் செத்தபின் சிக்கலாகிவிடும்.

திறக்காவிட்டால் என்ன ஆகும்

கரண்ட் போய்விட்டது, ரிலே ஒட்டிக்கொண்டு மூடியே இருக்கிறது, இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் 230 வோல்ட் வீட்டுக்கு மட்டுமல்ல, சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்கும் போகும். இதற்குப் பேக்ஃபீட் என்று பெயர்.

“5 கேவிஏ இன்வெர்ட்டர் தெரு முழுவதையும் தாங்காது, உடனே ட்ரிப் ஆகிவிடும், பயமில்லை” என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தாலோ, வீட்டுக்கு அருகிலேயே ஒயர் அறுந்திருந்தாலோ, அந்தத் துண்டில் இரண்டு மூன்று வீடுகள்தான் இருக்கும். அவற்றின் லோடை இன்வெர்ட்டர் நிம்மதியாகத் தாங்கும். லைன் உயிரோடு நிற்கும். நம்மூர் விநியோக டிரான்ஸ்ஃபார்மர் 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குவது. தலைகீழாக ஊட்டினால் ஏற்றவும் செய்யும். லைன்மேன் தொடுவதற்கு முன் லைனை எர்த் செய்வது இதற்காகவும்தான். அவர் எர்த் செய்வார் என்ற நம்பிக்கையில் பெட்டியை வடிவமைக்கக் கூடாது.

இரண்டாவது ஆபத்து இன்வெர்ட்டருக்கே. தனியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒட்டிய ரிலே வழியே கிரிட் திடீரெனத் திரும்பினால் இரண்டு அலைகளும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. 230 வோல்ட்டின் உச்சம் 325. இரண்டும் நேர்எதிராக நின்றால் நடுவே 650 வோல்ட். இன்வெர்ட்டரின் பவர் டிரான்சிஸ்டர்கள் போவதற்கு அது தாராளம்.

திறந்தே மாட்டிக்கொண்டால் இவ்வளவு ஆபத்து இல்லை. கிரிட் வந்தபிறகும் வீடு பேட்டரியிலேயே ஓடி, பேட்டரி தீர்ந்ததும் இருட்டாகும், அவ்வளவே. மூன்றாவது வகைதான் சத்தமில்லாமல் வளர்வது: மூடுகிறது, திறக்கிறது, ஆனால் கான்டாக்ட்டின் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிட்டது. நல்ல கான்டாக்ட் அரை மில்லிஓம் இருக்கிறது என்றால், 63 ஆம்பியரில் 2 வாட் சூடு. அது 5 மில்லிஓம் ஆனால் 20 வாட். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒரு டெர்மினலை ஒட்டி, 20 வாட்.

ஏன் ஒட்டுகிறது

மூடும்போது கான்டாக்ட் ஒரே தடவையில் போய் உட்காராது. சில மில்லிவினாடிகளுக்கு எகிறி எகிறி விழும். ஒவ்வொரு எகிறலிலும் ஒரு குட்டி ஆர்க் (மின்பொறி). அந்த நேரத்தில் பம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்டோ, பவர் சப்ளைகளின் கெப்பாசிட்டர்கள் இழுக்கும் கரண்டோ சேர்ந்தால், வெள்ளிக் கலவையின் மேற்பரப்பு உருகி, மூடிய நிலையிலேயே உறைந்துவிடும். சில்வர் டின் ஆக்சைடு கான்டாக்ட் இதை நன்றாகத் தாங்கும். எவ்வளவு தாங்கினாலும் அதற்கும் எல்லை உண்டு. அலைகள் ஒத்துப்போகாமல் மூடுவது இன்னும் மோசம்.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: காயிலுக்குப் போதிய வோல்ட்டேஜ் இல்லாமை. 12 வோல்ட் ரிலே பொதுவாக 9 வோல்ட்டுக்குள் இழுத்துவிட வேண்டும். ஆனால் செம்புக் காயில் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். அந்த 9 வோல்ட் 10.8-ஐ நெருங்கும். மேற்குச் சுவரில் வெயில் படும் பெட்டியில் இது சாதாரணம். கிரிட் தள்ளாடும்போது காயிலுக்கு ஊட்டும் 12 வோல்ட் சப்ளையும் (ரெயில்) சேர்ந்து சரிந்தால், ரிலே முழுதாக இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் படபடக்கும். ஒட்டிக்கொள்வதற்கு இதைவிடச் சாதகமான சூழல் கிடையாது.

லாட்சிங் ரிலே என்று ஒரு வகை உண்டு. நிரந்தரக் காந்தம் நிலையைப் பிடித்துவைக்கும். மாற்றுவதற்கு மட்டும் 50 முதல் 100 மில்லிவினாடி வரை ஒரு துடிப்பு போதும். மூடியிருக்கும்போது காயில் சூடாவதில்லை என்பதால் பெரிய கரண்ட் பெட்டிகளில் இதை விரும்புவார்கள். ஆனால் கன்ட்ரோல் சப்ளை போனால் இது இருந்த இடத்திலேயே நிற்கும். திறக்கும் துடிப்புக்கான ஆற்றலைக் கெப்பாசிட்டரில் சேமித்து வைத்திருக்க வேண்டும். கணக்கு எளிது: 4 வாட் காயிலுக்கு 100 மில்லிவினாடித் துடிப்பு என்றால் 0.4 ஜூல். 12 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட் வரை இறங்க விட்டால் 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தருவது 0.15 ஜூல் மட்டுமே. 22,000 மைக்ரோஃபாரட் 0.69 ஜூல் தரும். சில வருடச் சூட்டில் இந்தக் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் ரிலே திறக்காது. வெளியிலிருந்து பார்த்தால் கான்டாக்ட் ஒட்டியது போலவே இருக்கும். புது ரிலே போட்டும் பழுது திரும்பி வருகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

துணைக் கான்டாக்ட் சொல்லும் சாட்சி

மெயின் கான்டாக்ட்டோடு ஒரு சின்னத் துணைக் கான்டாக்ட்டைச் சேர்த்து, அதன் நிலையைப் படிப்பது மிக எளிய வழி. இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் துணைக் கான்டாக்ட் எந்த வகை என்பது. சாதாரணமாகப் பக்கவாட்டில் மாட்டும் மைக்ரோசுவிட்ச், கான்டாக்ட்டை அசைக்கும் இரும்புத் தகடான ஆர்மேச்சர் நகர்ந்ததை மட்டும் சொல்லும். மெயின் கான்டாக்ட் ஒன்று ஒட்டியிருக்க, ஆர்மேச்சர் பாதி நகர்ந்தாலே “திறந்துவிட்டது” என்று அது பொய் சொல்லலாம்.

நமக்கு வேண்டியது மிரர் கான்டாக்ட். ஐஇசி 60947-4-1 தரநிலை இதை வரையறுக்கிறது: மெயின் கான்டாக்ட்டில் ஏதாவது ஒன்று மூடியிருந்தால்கூட, சாதாரண நிலையில் மூடியிருக்கும் அந்தத் துணைக் கான்டாக்ட் மூடவே முடியாதபடி இயந்திர அமைப்பு இருக்க வேண்டும். போர்டில் சால்டர் செய்யும் ரிலேக்களில் இதற்கு இணையானவை, ஐஇசி 61810-3 படியான, கான்டாக்ட்டுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட ரிலேக்கள். டேட்டாஷீட்டில் இந்த எண்கள் இல்லையென்றால், அந்தத் துணைக் கான்டாக்ட்டைச் சாட்சியாகக் கொள்ளாதீர்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. துணைக் கான்டாக்ட்டை 3.3 வோல்ட்டில், ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவாக, நேரே மைக்ரோகன்ட்ரோலரில் கொடுத்தால் சில மாதங்களில் மேற்பரப்பில் படலம் படிந்து சிக்னல் தள்ளாடும். 24 வோல்ட்டில் 5 முதல் 10 மில்லிஆம்பியர் வரை ஓடவிட்டால் கான்டாக்ட் தானே சுத்தமாக இருக்கும்.

இரு பக்கமும் வோல்ட்டேஜ் அளப்பது

சாட்சிகளில் கனமானது இதுதான். ரிலேயின் கிரிட் பக்கத்திலும் லோடு பக்கத்திலும் தனித்தனியே வோல்ட்டேஜ் அளந்து ஒப்பிடுகிறோம். கேட்க எளிதாக இருந்தாலும், சூழ்நிலைக்குச் சூழ்நிலை கேள்வி மாறும்.

முதல் சூழ்நிலை: கிரிட் உயிரோடு இருக்கிறது, இன்வெர்ட்டர் சும்மா இருக்கிறது. ரிலே திறந்திருக்க வேண்டிய நேரம். கிரிட் பக்கம் 230, லோடு பக்கம் 0 என்றால் நல்லது. இரண்டு பக்கமும் 230 என்றால் ஒட்டிவிட்டது. திறந்த உடனே அளக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருந்த மோட்டார்கள் நிற்கும்வரை சொந்தமாகக் கொஞ்சம் வோல்ட்டேஜ் தரும். அரை விநாடி பொறுத்துவிட்டு, ஐந்தாறு சைக்கிள்கள் தொடர்ந்து அளந்து முடிவெடுக்க வேண்டும். லோடு பக்கம் 35 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் திறந்தது என்று கொள்ளலாம்.

ஆனால் நல்ல ரிலே திறந்திருக்கும்போதே லோடு பக்கம் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பெட்டிகள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஆர்க்கை அடக்க கான்டாக்ட்டின் குறுக்கே போட்ட ஸ்னப்பர் (கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்த ஜோடி). அதன் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 32 கிலோ ஓம். அளக்கும் சர்க்யூட் ஒரு மெகா ஓம் என்றால், லோடு எதுவும் இல்லாதபோது ஏறக்குறைய முழு 230-ம் அந்தப் பக்கம் தெரியும். உண்மையில் அதில் திறனே இல்லை; 7 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. சோதனை நேரத்தில் மட்டும் ஒரு ரெசிஸ்டரை லோடு பக்கம் இணைத்தால் தெளிவாகிவிடும். 10 கிலோ ஓம் போட்டால் 69 வோல்ட்டுக்கு இறங்கும், 2.2 கிலோ ஓம் போட்டால் 16 வோல்ட்டுக்கு. ரிலே நிஜமாகவே ஒட்டியிருந்தால் அந்த 2.2 கிலோ ஓமில் 24 வாட் எரியும் என்பதால், 200 மில்லிவினாடிக்கு மேல் விடக்கூடாது. ஸ்னப்பரே இல்லாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது சூழ்நிலை: கிரிட்டும் உயிரோடு, இன்வெர்ட்டரும் ஓடுகிறது, விளக்கு சிமிட்டாமல் பிரிய வேண்டும். லோடு பக்கம் ஒரு கணமும் சுழியாகாது. ஆகவே வோல்ட்டேஜின் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அலையின் கோணம்தான் பேசும். பிரிந்தபின் இன்வெர்ட்டர் தன் அலைவரிசையை 0.2 ஹெர்ட்ஸ் மட்டும் மாற்ற வேண்டும். கிரிட் 50.0, நாம் 49.8 என்றால் கோணம் விநாடிக்கு 72 டிகிரி விலகும். அரை விநாடியில் 36 டிகிரி. அப்போது கான்டாக்ட்டின் குறுக்கே 142 வோல்ட் தெரிய வேண்டும். ரிலே ஒட்டியிருந்தால் கோணம் விலகவே விலகாது. கிரிட்டை எந்த வீட்டு இன்வெர்ட்டராலும் அசைக்க முடியாது. அசைக்கப் பார்க்கும் முயற்சியில் இன்வெர்ட்டரின் கரண்ட்தான் ஏறும். “குறுக்கே 20 வோல்ட்டுக்கும் குறைவு, கிரிட் பக்கக் கரண்ட் சென்சாரில் (சிடி) கரண்ட் ஏறுகிறது” என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், உடனே அலைவரிசையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இணைந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். இன்வெர்ட்டர் டிரூப் முறையில் (லோடு ஏற ஏற அலைவரிசையைச் சற்றுத் தாழ்த்தும் முறை), கரண்ட் லிமிட்டோடு ஓடும்போது மட்டுமே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

மூன்றாவது சூழ்நிலைதான் கஷ்டம்: கிரிட் செத்துவிட்டது, வீடும் இருட்டு. இரு பக்கமும் சுழி. ஒட்டியிருந்தாலும் சுழி, திறந்திருந்தாலும் சுழி. இங்கே சிலர் சொல்லும் வழி, இன்வெர்ட்டர் முழு வோல்ட்டேஜுக்குப் போகாமல் 30 வோல்ட் வரை மெதுவாக ஏறி, அது கிரிட் பக்கம் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தாலோ, அல்லது தெருவின் லோடு இழுத்து அந்த 30 வோல்ட்டும் எழும்பாமல் கரண்ட் லிமிட்டில் முட்டினாலோ, ரிலே ஒட்டியிருக்கிறது.

முறை வேலை செய்யும். ஆனால் 30 வோல்ட் தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. 11 கிலோவோல்ட்/433 வோல்ட் டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பேஸுக்கு விகிதம் 11,000-க்கு 250, அதாவது 44. லோடு எதுவும் இழுக்காவிட்டால் 30 வோல்ட் அந்தப் பக்கம் 1,320 வோல்ட். ஆகவே மிரர் கான்டாக்ட் ஏற்கெனவே “திறந்தது” என்று சொன்னபிறகு, அதைச் சரிபார்க்க, குறைந்த கரண்ட் லிமிட்டோடு, 100 முதல் 200 மில்லிவினாடிக்குள் முடிக்கும் கடைசிச் சோதனையாக மட்டுமே இதை வைக்கலாம். இதையே முதல் சாட்சியாக நம்பும் வடிவமைப்பை நாங்கள் ஏற்கமாட்டோம்.

நான்காவது: வீடு தனியாக ஓடுகிறது, கிரிட் பக்கம் வோல்ட்டேஜ் தோன்றுகிறது. கிரிட் திரும்பிவிட்டதா, அல்லது நம் வோல்ட்டேஜே கசிந்து அங்கே தெரிகிறதா? இங்கும் அதே உத்திதான்: நம் அலைவரிசையைச் சற்று அசைத்துப் பாருங்கள். அந்தப் பக்கமும் கூடவே அசைந்தால் அது நம்முடையது.

எல்லாச் சூழ்நிலைக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. “0 வோல்ட்” என்ற அளவு, சென்சார் ஒயர் அறுந்தாலும் வரும். அதே சென்சார் சில விநாடிகளுக்கு முன் 230 காட்டியதா என்று பார்க்காமல், அந்தச் சுழியை ரிலே திறந்ததற்கான சான்றாக எடுக்கக் கூடாது. கரண்ட் சென்சாருக்கும் இது பொருந்தும்: திறந்த பிறகு கரண்ட் ஓடினால் ஒட்டியது உறுதி, ஓடாவிட்டால், அப்போது யாரும் லோடு போடவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

இரண்டு ரிலேக்களைத் தொடராகப் போடுவது

கிரிட்டோடு சேரும் சோலார் இன்வெர்ட்டர்களுக்கான பாதுகாப்புத் தரநிலை ஐஇசி 62109-2, ஒரு பழுது வந்தாலும் துண்டிப்பு நடக்க வேண்டும் என்றும், இயங்கத் தொடங்கும் முன் துண்டிப்பானைத் தானே சோதிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு ரிலேக்களைத் தொடராகப் போடுவது இதனால்தான். காலையில் சோலார் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும் முன் கேட்கும் டிக்-டிக் சத்தங்களில் இந்தச் சோதனையும் உண்டு.

கிரிட் பக்க ரிலேயை கே1 என்றும், வீட்டுப் பக்க ரிலேயை கே2 என்றும் வைத்துக்கொள்வோம். கிரிட் உயிரோடு, இன்வெர்ட்டர் நிறுத்தத்தில்:

1. இரண்டும் திறந்த நிலை. வீட்டுப் பக்கம் வோல்ட்டேஜ் இருந்தால் இரண்டுமே ஒட்டிவிட்டன.
2. கே1 மட்டும் மூடு. வீட்டுப் பக்கம் வோல்ட்டேஜ் வந்தால் கே2 ஒட்டியிருக்கிறது.
3. கே1-ஐத் திறந்து கே2 மட்டும் மூடு. இப்போது வந்தால் கே1 ஒட்டியிருக்கிறது.
4. இரண்டையும் மூடு. வோல்ட்டேஜ் வராவிட்டால் ஏதோ ஒன்று மூடவில்லை.

நான்காவது படியில் எது மூடவில்லை என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவே இன்னொரு வோல்ட்டேஜ் சென்சார் வைத்தால் தெரியும்; சில ரூபாய் ரெசிஸ்டர்களில் கிடைக்கும் அந்தத் தகவலைப் பலர் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

சோலார் இன்வெர்ட்டர் தினமும் நின்று ஓடுவதால் சோதனைக்குத் தினமும் வாய்ப்பு. மைக்ரோகிரிட் பெட்டியின் கதை வேறு. மின்வெட்டு அதிகமில்லாத இடத்தில் அதன் ரிலே மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். ஒட்டியிருப்பது கரண்ட் போகும் அன்றுதான் தெரியவரும், அதாவது மேலே சொன்ன மூன்றாவது, கஷ்டமான சூழ்நிலையில். எனவே கிரிட் நன்றாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை, பேட்டரியில் போதிய சார்ஜ் உள்ள ஓர் அதிகாலையில், திட்டமிட்டுப் பிரிந்து சேர வேண்டும். ரிலேயின் ஆயுள் ஆயிரக்கணக்கான இயக்கங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு ஒரு பொருட்டல்ல. பிரியும் முன் இன்வெர்ட்டர் வீட்டு லோடு முழுவதையும் ஏற்றுக்கொண்டால் ரிலே வழியே ஓடும் கரண்ட் சுழியை ஒட்டிவிடும். ஆர்க்கே இல்லாமல் திறக்கும். திரும்பச் சேரும்போது ஒத்திசைவு வேண்டும். ஐஇஇஇ 1547-2018 தரநிலை, 500 கேவிஏ வரையான அமைப்புகளுக்கு 0.3 ஹெர்ட்ஸ், 10 சதவீத வோல்ட்டேஜ், 20 டிகிரி என்று எல்லை வைக்கிறது. 20 டிகிரி என்றாலே குறுக்கே 80 வோல்ட் இருக்கும். கான்டாக்ட் ஆயுளை நினைத்தால் 5 டிகிரிக்குள் மூடுவது நல்லது.

நியூட்ரல்: கண்ணில் படாத பழுது

சில நாடுகளில் இணைப்புப் பெட்டி நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும். ஜெர்மனியில் அப்படித்தான்: எல்லா ஒயரும் பிரிந்தபின், தனித்தீவின் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்க இன்னொரு ரிலே மூடும். ஆஸ்திரேலியாவில் நியூட்ரலைத் துண்டிக்காமல் தொடர விடுவார்கள்.

நியூட்ரல் ரிலே ஒட்டினால் கண்டுபிடிப்பது கஷ்டம். இரு பக்கமும் எர்த்தை ஒட்டிய வோல்ட்டேஜிலேயே இருப்பதால், ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஒற்றை பேஸ் பெட்டியில் ஒரு வழி உண்டு: பேஸை மட்டும் மூடி, நியூட்ரலைத் திறந்தே வைத்து, வீட்டுப் பக்கத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்க வேண்டும். நியூட்ரல் நிஜமாகவே திறந்திருந்தால், லோடுகள் வழியே அந்த நியூட்ரல் ஒயரும் பேஸ் வோல்ட்டேஜுக்கு ஏறி, வித்தியாசம் சுழியை ஒட்டும். 230 வந்தால் நியூட்ரல் ஒட்டியிருக்கிறது. இந்தச் சோதனையின்போது நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் ரிலே கட்டாயம் திறந்திருக்க வேண்டும்; மூடியிருந்தால் லோடுகள் வழியே கரண்ட் எர்த்துக்கு ஓடும், அதோடு நியூட்ரல் நன்றாக இருக்கும்போதே 230 காட்டி ஒட்டியதாகச் சொல்லும்.

மூன்று பேஸ் பெட்டியில் இதைச் செய்யவே கூடாது. நியூட்ரல் மிதந்தால் லோடு குறைவான பேஸில் உள்ள டிவியும் ஃபிரிட்ஜும் 400 வோல்ட்டை நெருங்கும் வோல்ட்டேஜைப் பார்க்கும். அங்கே நியூட்ரல் முதலில் மூடி, கடைசியில் திறக்க வேண்டும். நியூட்ரலின் நிலைக்கு மிரர் கான்டாக்ட்தான் சாட்சி.

மூன்று பேஸில் இன்னொரு குழப்பம்: ஒரு பேஸ் மட்டும் ஒட்டியிருந்தாலும் வீட்டில் உள்ள மூன்று பேஸ் மோட்டாரின் சுற்றுகள் வழியே மற்ற இரண்டு பேஸிலும் வோல்ட்டேஜ் தெரியும். ஒவ்வொரு போலுக்கும் (ஒரு ஒயரைத் துண்டிக்கும் கான்டாக்ட் ஜோடி) குறுக்கே தனித்தனியாக அளந்தால் எது ஒட்டியது என்று பிரித்தறியலாம்.

ஒட்டும் முன்பே அறிகுறி

காயில் கரண்டை வேகமாக, விநாடிக்குப் பத்தாயிரம் முறை, அளந்தால் ஒரு சுவையான வடிவம் தெரியும். ஸ்விட்ச் போட்டதும் கரண்ட் ஏறும், ஆர்மேச்சர் நகரும் நேரத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும், மறுபடி ஏறும். 12 வோல்ட், 36 ஓம் காயிலில் ஒரு ஓம் ரெசிஸ்டர் போட்டால் மூன்றில் ஒரு வோல்ட் சிக்னல் கிடைக்கும், தாராளம். பள்ளம் இல்லையென்றால் ஆர்மேச்சர் நகரவில்லை. பள்ளம் மாதத்துக்கு மாதம் தள்ளிப்போனால் ரிலே சோம்பலாகிறது. ஆனால் ஆர்மேச்சர் நகர்ந்தும் கான்டாக்ட் மட்டும் ஒட்டி நிற்கும் பழுதை இது காட்டாது.

மூடிய கான்டாக்ட்டின் குறுக்கே மில்லிவோல்ட் அளப்பது ரெசிஸ்டன்ஸ் ஏறுவதைக் காட்டும். 63 ஆம்பியரில் 30 மில்லிவோல்ட் இருந்தது 300 ஆனால், அரை மில்லிஓம் 5 மில்லிஓம் ஆகிவிட்டது என்று அர்த்தம். குறைந்த கரண்டில் இந்தக் கணக்கு சரிவராது. 20 ஆம்பியருக்கு மேல் ஓடும்போது மட்டும் பதிவு செய்யுங்கள்.

பழுது தெரிந்தபின்

ஒட்டியிருக்கிறது என்றால் இன்வெர்ட்டர் தனித்தீவாக ஓடவே கூடாது. வீடு இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது ரிலேயோ, ஷன்ட் ட்ரிப் (மின் சிக்னல் கொடுத்துத் திறக்கும் வசதி) உள்ள பிரேக்கரோ இருந்து, அது திறந்தது உறுதியானால் மட்டும் விதிவிலக்கு. பழுதுக்குறியை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத வேண்டும். பிரேக்கரை அணைத்துப் போட்டதும் மறைந்துபோகும் அலாரத்தால் பயனில்லை.

சில பெட்டிகள் மூன்று முறை வரை மூடித் திறந்து, ஒட்டியதைப் பிய்க்கப் பார்க்கும். லேசான ஒட்டல் விட்டுவிடும். விட்டாலும் அந்த ரிலேயின் மேற்பரப்பு ஏற்கெனவே கரடாகிவிட்டது. அடுத்த முறை இன்னும் எளிதாக ஒட்டும். மாற்றுவதற்குக் குறித்துவைக்க வேண்டும். கிரிட் செத்திருக்கும்போது இந்த முயற்சியைச் செய்வதானால் இன்வெர்ட்டர் முழுதாக நின்றிருக்க வேண்டும்.

கையால் சோதிக்க வேண்டியிருந்தால், கிரிட் பக்கப் பிரேக்கர், பேட்டரி, சோலார் டிசி மூன்றையும் அணைத்துப் பூட்டுங்கள். கெப்பாசிட்டர்கள் இறங்கத் தயாரிப்பாளர் சொன்ன நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காத்திருங்கள். மீட்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்துச் சரிபார்த்து, பிறகு இங்கே சுழி பார்த்து, மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த இம்பிடன்ஸ் முறை (அளக்கும்போதே கொஞ்சம் லோடு இழுப்பது) உள்ள மீட்டர் என்றால், ஸ்னப்பர் வழியே வருவது போன்ற, திறனில்லாத பேய் வோல்ட்டேஜ் குழப்பாது. ரிலேயின் இரு பக்க ஒயரையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு போலின் குறுக்கே ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே என்றால் ஒட்டியிருக்கிறது. ஒன்றிரண்டு மெகா ஓம் காட்டினால் அது போர்டில் உள்ள சென்சிங் ரெசிஸ்டர்கள், பழுதல்ல. லாட்சிங் ரிலே என்றால் தீர்ப்புச் சொல்லும் முன் திறக்கும் துடிப்பை ஒருமுறை வெளியிலிருந்து கொடுத்துப் பாருங்கள், போலாரிட்டி மாறாமல்.

மாற்றும்போது தொடரில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை ஒட்டவைத்த கரண்ட் மற்றதன் வழியாகவும்தான் ஓடியிருக்கிறது. புதியதை மூடும் முன் 12 வோல்ட் ரெயிலை, பெட்டி சூடாக இருக்கும் மதிய வேளையில், லோடோடு அளந்துவிடுங்கள். 11-க்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளையும் மாற்ற வேண்டும்.